கல் வைக்காத இடம்

பங்களாவைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கிய வருஷம் மழை அதிகம். புரோக்கர் முன்னால் நடப்பார். நான் சாவிக்கொத்தோடு பின்னால் போவேன். நாகலூர் ரோட்டிலிருந்து பிரிந்து காப்பிச் செடிகளுக்கு நடுவே வளைந்து வருகிற மண் பாதையில், வந்தவர்களின் கார் ஒரு தடவையாவது சேற்றில் சிக்கும். நான் போய்த் தள்ளிவிடுவேன். அந்த எரிச்சலோடுதான் அவர்கள் வீட்டுக்குள் நுழைவார்கள்.

"வெள்ளைக்காரன் கட்டினதுங்க. செவுத்தத் தட்டிப் பாருங்க, பூராவும் கல்லு. இன்னிக்கி இப்படிக் கட்ட ஆளில்லைங்க. கொஞ்சம் கைவேல பண்ணீங்கன்னா அரமன மாதிரி ஆயிரும்" என்பார் புரோக்கர்.

அவர் சொன்ன கைவேலை என்னவென்று எனக்குத் தெரியும். குரங்குகள் ஓட்டைப் பெயர்த்துப் பெயர்த்து எறிந்ததில், மழை பெய்தால் ஹாலில் எங்கே பாத்திரம் வைப்பது, எங்கே நாம் நிற்பது என்று தெரியாது. படுக்கையறையில் மரத்தரையைக் கரையான் தின்றிருந்தது. அந்த இடத்தின் மேல் ஒரு பீரோவை நகர்த்தி வைக்கச் சொன்னவரே புரோக்கர்தான். குளிருக்கு நெருப்பு மூட்டும் அடுப்புக்குள் எப்போதோ விழுந்த குருவிக்கூடுகள் கிடந்தன. ஒருமுறை கோயமுத்தூரிலிருந்து வந்த ஒருவர், "பேய் கீய் இருக்குமோ?" என்று கேட்டார்.

"இருந்த பேயெல்லாம் அப்பவே கப்பலேறி லண்டன் போயிருச்சுங்க" என்றார் புரோக்கர். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் வாங்கவில்லை.

வீட்டைவிடத் தோட்டம் பெரிது. வீட்டைச் சுற்றி மேல் தோட்டம். படியிறங்கினால் பேரி மரங்கள், ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட். அதற்கும் கீழே சரிவு முடிகிற மூலை. பெயர் தெரியாத செடிகள் நிறைய. அந்தக் காலத்தில் கப்பலில் வந்தவை என்பார்கள். வருகிறவர்கள் படிக்கட்டோடு நின்றுவிடுவார்கள். கீழே அட்டை கடிக்கும். அவர்கள் நின்றுவிடுவது எனக்கு நிம்மதியாக இருக்கும், ஏனென்றால் அந்தக் கீழ் மூலையில்தான் என் மகள் இருக்கிறாள்.

எங்கள் அப்பா ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து எஸ்டேட் வேலைக்கு மலையேறி வந்தவர். நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்று, இந்தப் பங்களாவில் தோட்டவேலைக்குச் சேர்ந்தேன். அப்போது இங்கே வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். பெரியம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவருக்குத் துணை நாய்கள். ஒரு நாய் செத்தால் அதைக் கீழ் மூலையில் புதைத்து, பேர் வெட்டிய கல் ஒன்று வைப்பார். அது அவர் தொடங்கிய வழக்கமில்லை. அவருக்கு முன்னே வெள்ளைக்காரக் குடும்பம் வைத்த நாய்க் கற்களும் எழுத்தெல்லாம் தேய்ந்து அங்கே வரிசையாக நிற்கும்.

என் மகள் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கார்த்திகை மழையில் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தோம். எங்கள் ஆட்களைப் புதைக்கிற இடம் ஓடைக்கு அந்தப் பக்கம். ஓடை நிறைந்து ஓடியது. பெரியம்மா குடை பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார்.

"இந்த மழையில எங்க தூக்கிட்டுப் போவ? நம்ம தோட்டத்துலயே வெச்சிரு. கீழ் மூலையில, கல்லுங்களுக்குப் பக்கத்துல. அங்க எந்தக் காலத்துலயும் யாரும் மம்பட்டி போட மாட்டாங்க" என்றார்.

கடைசி நாய்க் கல்லுக்கும் அதையடுத்து நின்ற ஒரு பெரிய வெள்ளைப் பூச்செடிக்கும் நடுவில் வைத்தோம். சில நாள் கழித்துப் பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, "சின்னதா ஒரு கல்லு அடிக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். நான் என் வீட்டுக்காரியிடம் வந்து சொன்னேன்.

"பால்குடிப் புள்ளைக்குக் கல்லு வெப்பாங்களா?" என்றாள் அவள். "கல்லு வெச்சா அது அங்கயே நின்னுக்குமுங்க. திரும்ப வயித்துக்கு வராது."

எங்களில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். பச்சைக் குழந்தையைப் புதைத்தால் அடையாளம் வைக்கக்கூடாது. மண்ணைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். வேண்டாங்கம்மா என்று சொல்லிவிட்டேன். பெரியம்மா வற்புறுத்தவில்லை.

நாகலூர் டீக்கடையில் ஒருவன் கேட்டான்: "என்னப்பா, தொரமாரு நாயெல்லாம் பேரு போட்டுப் படுத்திருக்குது, உம்புள்ள நாயோட நாயாப் படுத்திருக்குதாமா?" பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். எனக்கு எப்போதும் பதில் வருவது வீட்டுக்கு வந்த பிறகுதான். அன்றைக்கு அதுவும் வரவில்லை. என் வீட்டுக்காரியிடம் சொன்னபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நாயி என்னங்க கெட்டுப்போச்சு? காட்டுமாடு வந்தா கொரைக்கும். புள்ள தனியா இல்லைல்ல" என்றாள்.

பிறகு ஒரு மகன் பிறந்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவன் பிறந்ததற்கப்புறம் அந்த இடத்தை அவள் சாமியாக எடுத்துக்கொண்டாள். ஆடி மாதத்தில் பூவும் சின்ன வளையலும் கொண்டுபோய் வைப்பாள். அடையாளக் கல் இல்லாததால் சிரமம் எதுவும் இல்லை. ஒரு பக்கம் நாய்க் கல், மறுபக்கம் வெள்ளைப் பூச்செடி. நடுவில் மகள்.

பெரியம்மாவை வயதான காலத்தில் மகள் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று போன் வந்தது. அடுத்ததாகப் புரோக்கர் வந்தார்.

"யாரு வாங்கறாங்களோ அவங்ககிட்ட மொதல்லயே சொல்லீரோணும்" என்றாள் என் வீட்டுக்காரி. "ஓரத்துல ஒரு துண்டு எடம். தோண்ட வேண்டாமுங்கன்னா வுட்டுருவாங்க. அவங்களும் மனுசங்கதான."

"சொல்றேன்."

"நீங்களா? பஸ்ஸுல டிக்கெட்டு வாங்கறதுக்கே கண்டக்டர் நம்ம பக்கம் பாக்கட்டும்னு நிக்கற ஆளு. எதுக்கும் ஒருக்காச் சொல்லிப் பாத்துக்குங்க."

சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ரோஜாப் பாத்திக்குத் தண்ணீர் விடும்போது, "ஐயா, ஒரு விசயமுங்க" என்று தொடங்குவேன். செடிகளிடம் நன்றாகத்தான் வந்தது.

மாசி மாதத்தில் சென்னையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். சின்ன வயசு. கரையான் தின்ற இடத்தைப் பீரோவை நகர்த்திக் கணவரே பார்த்துவிட்டார். பார்த்தும் முகம் சுளிக்கவில்லை. புரோக்கர்தான் இருமினார்.

"பழைய வீடுன்னா அப்படித்தான். எல்லாம் சரி பண்ணிக்கலாம். இந்த லுக் மட்டும் மாறக்கூடாது" என்றார் அவர்.

இவர் வாங்கிவிடுவார் என்று எனக்கே தெரிந்தது. வராந்தாவில் வந்து உட்கார்ந்தார்கள். நான் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஐயா, ஒரு விசயமுங்க. அது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அப்போது என் வீட்டுக்காரி காப்பித் தட்டோடு வந்தாள். அந்தப் பெண்ணிடம் டம்ளரைக் கொடுக்கக் குனிந்தவள், நிமிர்ந்து என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அவள் பின்னாலேயே சமையல்கட்டுக்குப் போனேன்.

"மாசமா இருக்குதுங்க அந்தப் புள்ள" என்றாள். "துப்பட்டா போட்டு மறைச்சிருக்குது. நாலு மாசம் இருக்கும்."

"அதுக்கு?"

"அதுக்கா? பச்சப்புள்ளையப் பொதச்ச எடம்னு ஒரு மாசக்காரி முன்னால சொல்றதாங்க? அந்தப் பேச்சு வாயில வரலாமா?"

"அவருகிட்டத் தனியா..."

"அவரு போயி பொண்டாட்டிகிட்டச் சொல்ல மாட்டாரா? நீங்க எங்கிட்ட எதையாச்சும் சொல்லாம இருந்திருக்கறீங்களா? வேண்டாமுங்க. நல்லபடியா பெத்துக் கையில எடுக்கட்டும். அப்பறம் நானே சொல்றேன்."

நான் திரும்பி வந்தபோது அந்தப் பெண் படிக்கட்டில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணா, அங்க என்ன கல்லு வரிசையா?"

"நாய்ங்களோடதுங்க. பொதச்சு வெச்சிருக்குது."

"அய்யோ பாவம். பேர்லாம் போட்டிருக்கா?"

அட்டை இருக்கும் என்று சொன்னேன். கேட்கவில்லை, இறங்கிவிட்டது. ஒவ்வொரு கல்லிலும் பாசியை விரலால் தேய்த்து, தேயாமல் இருந்த பேரையெல்லாம் சத்தமாகப் படித்தது. கடைசிக் கல்லைப் படித்துவிட்டு, அதற்கும் பூச்செடிக்கும் நடுவில் நின்று இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கியது. "இங்க ஒரு பெஞ்சு போடலாம். எவ்வளவு அமைதியா இருக்கு" என்றது. மேலே வராந்தாவில் என் வீட்டுக்காரி தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

பெஞ்சு என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. உட்காருவதற்குத்தானே என்று நினைத்தேன்.

கிரையம் முடிந்தது. எங்கள் இருவரையும் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். நல்லவர்கள்தான், இன்றைக்கும் அதில் மாற்றமில்லை. வேலையைச் சேலத்து மேஸ்திரி ஒருவரிடம் விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனார்கள். பிரசவம் முடிகிற வரைக்கும் அந்தப் பெண் மலையேற வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். ஐயா மட்டும் போனில் பேசுவார்.

மேஸ்திரி பருத்த ஆள். வாயில் எப்போதும் வெற்றிலை. ஓட்டைப் பிரித்து, உத்தரங்களை மாற்றி, தரையை எடுத்து, பங்களாவை எலும்புக்கூடாக்கி மறுபடியும் சதை வைத்தார். வேலை தெரிந்தவர். விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடப்போவதால் அறைக்கு அறை பாத்ரூம் வேண்டும் என்றார்கள். பழைய நாளில் மொத்த வீட்டுக்கும் பின்பக்கம் ஒன்றுதான். ஒருநாள் காலை நான் பார்க்கும்போது, மேஸ்திரி கீழ் மூலையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பெரிய கட்டம். நாய்க் கற்களும் பூச்செடியும் அதற்குள்ளே அடங்கியிருந்தன.

"என்னங்க மேஸ்திரி இது?"

"செப்டிக் டேங்குங்க."

கோட்டுக்கு வெளியிலேயே நின்றேன். பிறகு கேட்டேன், "கெழக்கால வெட்டலாமுங்களா?"

"கெழக்கால மேடுங்க. இங்கிருந்து அங்க தண்ணி மேல ஏறுமுங்களா? நீங்க வேணா தெனமும் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறீங்களா?"

வேலையாட்கள் சிரித்தார்கள். "அடியில பாறையா இருக்குமுங்க" என்றேன்.

"பாறைன்னா ஒடைக்கறதுக்குத்தான கூலி வாங்கறோம்."

அன்றைக்கு அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வீட்டில் சொன்னேன். அவள் சோற்றில் கைவைத்தபடி இருந்தாள். "கக்கூசா?" என்று மட்டும் கேட்டாள். கொஞ்சம் கழித்து, "காத்தால மேஸ்திரிகிட்ட நெசத்தச் சொல்லீருங்க. அவரு ஆம்பள, அவருகிட்டச் சொல்றதுல தோசமில்ல" என்றாள்.

காலையில் நான் போவதற்குள் மேஸ்திரி சேலத்துக்குக் கிளம்பியிருந்தார். என்னைக் குழாய்க்கு வேண்டிய சாமான்கள் வாங்கிவர ஒண்டிக்கடை பஜாருக்கு அனுப்பச் சொல்லியிருந்தார். கடையில் ஒரு சாமான் இல்லை, வரும் என்று உட்கார வைத்தார்கள். பஸ் பிடித்து நான் திரும்பியபோது மத்தியானம் தாண்டிவிட்டது.

கீழ் மூலை மொட்டையாக இருந்தது. நாய்க் கற்களைப் பத்திரமாக எடுத்து முன்வாசல் படிக்கு இரண்டு பக்கமும் நட்டிருந்தார்கள். ஐயா போனில் சொன்னாராம், தன் மனைவிக்கு அந்தக் கற்கள் பிடிக்கும், உடையாமல் எடுங்கள் என்று. கற்கள் போன பிறகு ஜேசிபி இறங்கி, பூச்செடியைப் பிடுங்கி, மேலே இருந்த புதரையெல்லாம் வழித்து, தரையைச் சமமாக்கியிருந்தது. சிவந்த மண். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி. கல்லுக்கும் செடிக்கும் நடுவில் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த கணக்கு. இப்போது கல்லும் இல்லை, செடியும் இல்லை.

என் வீட்டுக்காரி அங்கே நின்றிருந்தாள். "நான் ஓடியாந்தேனுங்க. சத்தம் கேட்டு ஓடியாந்தேன். அதுக்குள்ள வழிச்சுட்டாங்க" என்றாள்.

மறுநாள் காலையில் மேஸ்திரியிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார். எழுந்து போய் வெற்றிலையைத் துப்பி, குழாயில் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"ஏனுங்க, முந்தாநாளு எங்கிட்டப் பாறையின்னு சொன்னதுக்கு இதச் சொல்லியிருக்கலாமுல்லங்க? ஒரு கல்லையாவது வுட்டு வெச்சிருப்பனே." பிறகு என் வீட்டுக்காரியைப் பார்த்து, "ஓனருகிட்டப் பேசிப் பாக்கட்டுமாம்மா?" என்றார்.

"வேண்டாமுங்க. அந்தப் புள்ளைக்கு இது நெறமாசம்."

மேஸ்திரி கட்டத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "வேற எடமும் இல்லைங்க. நீங்க உங்க கையால வெட்டிப் பாருங்க. கெடைச்சா எடுத்து நல்ல எடத்துல வெச்சுக்குங்க. மத்தியானம் வரைக்கும் மிசின நிறுத்தி வெக்கறேன்."

"வாடகை ஓடுதுங்ணா" என்றான் ஜேசிபி ஓட்டுகிறவன்.

"ஓடட்டும். நீ போயி டீ குடி."

நான் மம்பட்டியை ஓங்கிப் போடவில்லை. மேலாகச் சீவிச் சீவி, கையால் துழாவினேன். அவள் மேட்டில் உட்கார்ந்திருந்தாள். மஞ்சளில் நனைத்த புதுத்துணி ஒன்று மடியில் இருந்தது. வெயில் வரவில்லை, மேகம் காப்பிச் செடிகளின் மேல் இறங்கி நின்றது. முதலில் ஒரு எலும்பு வந்தது. அவள் எழுந்து ஓடி வந்தாள். பார்த்துவிட்டு, "பெருசுங்க. நாயி" என்று திரும்பிப் போனாள். அப்புறம் துருப்பிடித்த ஒரு கழுத்துப்பட்டை வளையம். மறுபடியும் எலும்பு. ஒவ்வொரு தடவையும் வந்து பார்த்துவிட்டுப் போனாள். மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு தள்ளி நின்றார்.

எனக்குத் தெரிந்த இடத்தையெல்லாம் வெட்டினேன். தெரியாத இடத்தையும் வெட்டினேன். நாய்கள் எல்லாம் இருந்தன. என் மகள் இல்லை.

"ஈர மண்ணுங்கம்மா" என்றார் மேஸ்திரி மெதுவாக. "அத்தன வருசம். பச்சப்புள்ள எலும்பு என்ன நிக்கும்? கரைஞ்சிருக்கும். ஒரு புடி மண்ணு எடுத்துக்குங்க. புடிமண்ணு எடுத்துத்தான சாமியவே ஊரு வுட்டு ஊரு கொண்டு போறோம்."

நான் வெட்டிய குழியை அவள் எட்டிப் பார்த்தாள்.

"புடிமண்ணு எடம் தெரிஞ்சு எடுக்கறதுங்க" என்றாள். "நாயி மண்ண எடுத்துக் கும்புட்டுட்டு எம்புள்ளைன்னு சொல்றதா?"

புதுத்துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மேலே ஏறிப் போனாள். நான் மம்பட்டியைக் கழுவி வைத்தேன். மத்தியானத்துக்குப் பிறகு ஜேசிபி இறங்கியது. அது ஒரு வாய்க்கு அள்ளிய மண், நான் காலையிலிருந்து சீவியதற்கு மேல் இருக்கும்.

சாயங்காலம் அவள் அடுப்புக்கு முன்னால் இருந்தபடியே கேட்டாள், "தோண்டின மண்ண எங்கீங்க கொட்டறாங்க?"

"பாதையில. வளைவுல மேடு கட்டறதுக்கு." கார் சிக்குகிற அந்த வளைவை உயர்த்தச் சொல்லியிருந்தார்கள். டிராக்டர் மாற்றி மாற்றி அங்கேதான் கொட்டியது. ரோலர் வந்து அழுத்தியது.

அவள் அடுப்பிலிருந்த விறகை உள்ளே தள்ளினாள்.

பங்களா இப்போது அழகாக இருக்கிறது. ஓடு ஒழுகுவதில்லை, தரை பளபளக்கிறது, குளிர் காலத்தில் அடுப்பில் நெருப்பு எரிகிறது. விருந்தாளிகள் தோட்டத்தில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். கீழ் மூலையில் சிமெண்டுப் பலகைகளின் மேல் புல் வளர்த்திருக்கிறோம். அந்தப் பெண்ணுக்கு ஆண் குழந்தை. தத்தித் தத்தி நடக்கிறது. அவர்கள் வந்தால் என் வீட்டுக்காரிதான் அதற்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிடுகிறாள். "வா சாமி, வா கண்ணு" என்று கூப்பிடுகிற சத்தம் தோட்டம் வரைக்கும் கேட்கும்.

அவர்கள் குழந்தையோடு முதல்முறை வந்துபோன பிறகு, "இப்பச் சொல்லலாமுல்ல?" என்று அவளிடம் கேட்டேன்.

"இப்பச் சொல்லி? டேங்க ஒடைச்சு எடுப்பாங்களா? அந்தப் புள்ளைக்கு மனசு சங்கடமாகறதுதான் மிச்சம்" என்றாள்.

ஒன்றை மட்டும் அந்தப் பெண் கவனித்துவிட்டது. ரோட்டுக்குப் போக வர என் வீட்டுக்காரி பாதை வழியாக வருவதில்லை. வளைவுக்கு முன்னாலேயே காப்பிச் செடிகளுக்குள் இறங்கி, சுற்றிக்கொண்டு வருவாள். மழைக்காலத்தில் முட்டி வரைக்கும் நனைந்து, காலில் அட்டையோடு வந்து நிற்பாள்.

"ஏன்க்கா இப்படி வர்றீங்க? பாதைதான் நல்லா போட்டாச்சே" என்று கேட்டது.

"குறுக்கால வந்து பழக்கமுங்க" என்றாள். குறுக்கு வழியே இல்லை அது. சுற்று.

நான் அப்படிப் போக முடியாது. கேட்டைத் திறப்பதும் பாதையைக் கூட்டுவதும் என் வேலை. பெரிய மழை பெய்தால் வளைவு கரைந்து, மண் வழிந்து காப்பிக்குள் இறங்கிவிடும். ஜல்லி போட்டுவிடலாம் என்று ஐயா ஒருமுறை சொன்னார். வேண்டாங்க, நானே பார்த்துக்கறேன் என்றேன். நானாக ஒருவரிடம் வேண்டாம் என்று சொன்னதில் அவருக்கே ஆச்சரியம்.

போன வாரமும் மழை. காலையில் கூடையோடு இறங்கி, செடிகளின் தூரில் தேங்கிய மண்ணையெல்லாம் கையால் வழித்து மேலே கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தேன். அவள் பால் வாங்கிக்கொண்டு தன் வழியில் காப்பிக்குள் வந்தாள். என்னைப் பார்த்து நின்றாள். முக்காட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அந்தப் பக்கம் கொஞ்சம் போயிருக்குதுங்க" என்று கையைக் காட்டினாள். "அதையும் அள்ளீருங்க."

அள்ளினேன். அள்ளி முடிக்கிற வரைக்கும் செடிகளுக்குள்ளேயே நின்றுவிட்டுப் போனாள்.